62 மில்லிமீட்டர் துளையும் மூன்றாம் ஷிஃப்டும்

பீன்யாவில் ஒரு கடைசி செமஸ்டர் மாணவனின் தொழிற்சாலைப் பயிற்சி: நிகழ்வு ஆய்வு

2023 ஜனவரியிலிருந்து மே வரை பெங்களூரு பீன்யாவில் ஒரு சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் மெஷின்) கம்பெனியில் பயிற்சி மாணவனாக இருந்தேன். படித்தது மெக்கானிக்கல். அந்த ஐந்து மாதத்தில் இரண்டு அறிக்கை கொடுத்தேன். முதலாவது தப்பு. அதனால் ஒருவருக்கு வேலை மாறியது, கூலி குறைந்தது. இரண்டாவது சரியாக வந்தது, கல்லூரியில் மார்க்கும் அதற்குத்தான் கிடைத்தது. பயிற்சிக்குக் கிளம்பும் ஜூனியர்களுக்காக ஒரு நிகழ்வு ஆய்வு எழுதித் தரும்படி என்னோடு படித்து இப்போது ஆசிரியராக இருக்கும் நண்பன் கேட்டான். அவன் எதிர்பார்த்தது இரண்டாவது அறிக்கையை. நான் அதிகம் எழுதப்போவது முதலாவதைப் பற்றி.

கம்பெனியின் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் வராது.

இடமும் ஆட்களும்

பீன்யா, பெங்களூருவின் வடமேற்கே தும்கூர் ரோட்டை ஒட்டிய தொழிற்பேட்டை. பக்கத்து ஜாலஹள்ளியில், உலோகம் வெட்டும் மெஷின்கள் செய்த அரசு நிறுவனமான எச்எம்டி 1953-ல் வந்தது. அந்தப் பக்கம் முழுக்க மெஷின் டூல் வேலை பரவியதற்கு அது பெரிய காரணம். இன்றைக்கும் ஒரு தெருவில் நடந்தால் ஒரு ஷெட்டில் கியர் வெட்டுவார்கள், அடுத்ததில் ஹீட் ட்ரீட்மெண்ட், அதற்கடுத்ததில் பவுடர் கோட்டிங். தலைக்கு மேலே மெட்ரோ, கீழே லாரி. நான் தங்கியது தாசரஹள்ளியில், நான்கு பேர் இருந்த ஒரு அறையில். சாப்பாடு ஒரு தர்மபுரிக்காரர் மெஸ்ஸில். ராத்திரி பதினொரு மணிக்கும் அங்கே சோறு கிடைக்கும். மூன்று ஷிஃப்ட் ஓடும் ஊரில் மெஸ் அப்படித்தான் நடத்த வேண்டும்.

கம்பெனியில் சுமார் 90 பேர். மேனேஜர் கன்னடக்காரர். கியூசி (தரச் சோதனை) இன்சார்ஜ் ஒரு மேடம், ஸ்ரீராமபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படித்தது கன்னடம். தமிழ்ப் பலகையை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆபரேட்டர்களில் பாதிப்பேர் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், மீதிப்பேர் வட கர்நாடகமும் ஒடிசாவும். நான் கிருஷ்ணகிரிக்காரன் என்றதும் முதல் நாளே மூன்று பேர் எந்த ஊர் என்று விசாரித்துவிட்டார்கள்.

பயிற்சி மாணவன் அங்கே யார் என்பதில் யாருக்கும் தெளிவில்லை. 1961-ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டத்தில் வரும் அப்ரண்டிஸ் இல்லை. சம்பளப் பட்டியலில் உள்ள தொழிலாளி இல்லை. காண்ட்ராக்டர் ஆளும் இல்லை. கல்லூரிக்கும் கம்பெனிக்கும் நடுவே ஒரு கடிதம், அவ்வளவுதான். ஐந்து மாதமும் என் கழுத்தில் தொங்கியது விசிட்டர் பேட்ஜ். முதல் இரண்டு வாரம் பழைய டிராயிங்குகளை ஸ்கேன் செய்தேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஸ்கேன் செய்யும்போதுதான் டிராயிங் படிக்கவே கற்றேன் என்று சொன்னால் என் பேராசிரியர்கள் வருத்தப்படுவார்கள்.

சிக்கல்

கம்பெனி செய்யும் பாகங்களில் ஒன்று மோட்டாருக்கான அலுமினிய எண்டு ஷீல்டு. மோட்டாரின் கடைசியில் மூடி மாதிரி வரும், சுமார் 1.2 கிலோ எடை. நடுவில் பேரிங் உட்காரும் துளை. பேரிங் 6206, அதன் வெளி விட்டம் 62 மில்லிமீட்டர். துளைக்கு டிராயிங்கில் போட்டிருந்தது 62 எச்7. அதாவது 62.000-க்குக் குறையக்கூடாது, 62.030-ஐத் தாண்டக்கூடாது. மொத்தம் 30 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) இடம். தலைமுடியே பெரும்பாலும் அதைவிடத் தடிமன். துளை சிறுத்துப்போனால் பேரிங்கின் வெளிவளையம் நெருக்கப்பட்டு, உள்ளே குண்டுகள் உருளும் இடைவெளி குறைந்துவிடும். மோட்டார் இரையும், சூடாகும்.

2022 டிசம்பர் முதல் வாடிக்கையாளரின் அசெம்பிளி லைனில் பிரச்னை. பேரிங்கை அழுத்தி இறக்கும் பிரஸ்ஸில் லோடு எல்லை தாண்டுகிறது என்று, பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பாகங்கள் திரும்பி வந்தன. கூடவே பணத்தைப் பிடித்துக்கொள்ளும் டெபிட் நோட்டும். திரும்பி வந்தவற்றை நம் கியூசி ரூமில் அளந்தால் 61.988, 61.991, 61.986. எல்லாம் அடிமட்டத்துக்குக் கீழே. அதே பாகங்களுக்கு ஷாப் ஃப்ளோரில் எழுதிய ரீடிங் ஷீட்டை எடுத்துப் பார்த்தால் 62.014, 62.016, 62.015. சோற்றில் உப்புப் போட்ட மாதிரி கச்சிதம்.

ஜனவரி கடைசியில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இதைப் பாரு, இதுதான் உன் புராஜெக்ட் என்றார். ஸ்கேனரிலிருந்து தப்பித்தேன் என்று சந்தோஷப்பட்டேன்.

முதல் அறிக்கை

கல்லூரியில் கற்றதையெல்லாம் இறக்கினேன். மீன் முள் படம் வரைந்தேன்: மெஷின், ஆள், பொருள், முறை, அளவு, சூழல். ஒவ்வொரு முள்ளாக எடுத்துச் சோதித்து அடித்துக்கொண்டே வந்தேன்.

மெஷின் ஒரே அளவைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறதா (ரிப்பீட்டபிலிட்டி) என்று பார்த்தோம், சரி. துளை கடையும் போரிங் பார் மாற்றினோம், அதன் வெட்டு முனையான இன்சர்ட்டின் கிரேடு மாற்றினோம். ரிஜெக்ஷன் அப்படியே இருந்தது, அந்த இன்சர்ட் செலவை இன்னும் யாரோ எங்கோ கணக்கில் வைத்திருப்பார்கள். அலுமினியம் சூட்டுக்கு விரியும் என்பது எனக்கும் தெரியும், அதனால் வெப்பநிலையையும் விடவில்லை. மெயின்டெனன்ஸிலிருந்து இன்ஃப்ராரெட் துப்பாக்கியை வாங்கி, அளக்கக் காத்திருந்த பாகத்தின் துளைக்குள் அடித்துப் பார்த்தேன். 26 டிகிரி காட்டியது. ஷாப்பின் வெப்பநிலையும் ஏறக்குறைய அதேதான். வெப்பம் காரணமில்லை என்று அந்த முள்ளையும் அடித்தேன்.

அடுத்து கேஜ். அளவு தெரிந்த எஃகு வளையமான ரிங் கேஜில் ஜீரோ வைத்து, துளைக்குள் விட்டுப் பார்க்கும் டயல் போர் கேஜால் அளப்பது அங்கே வழக்கம். கேஜ் ஆர் அண்ட் ஆர் செய்தேன், அதாவது ஆளுக்கு ஆள், தடவைக்குத் தடவை ரீடிங் எவ்வளவு மாறுகிறது என்ற சோதனை. பத்து பாகம், மூன்று ஆபரேட்டர், ஆளுக்கு மூன்று தடவை, கியூசி ரூமில். அந்த மூவரில் ஒருவர் மூன்றாம் ஷிஃப்ட் அண்ணன். பென்னாகரம் பக்கத்துக்காரர், பதினொரு வருஷமாக போரிங் வேலை. ராத்திரி பத்து மணி முதல் காலை ஆறு வரை ஓட்டிவிட்டு, தூங்காமல் எனக்காகப் பத்து மணி வரை காத்திருந்து அளந்து கொடுத்தார். கண் சிவந்திருந்தது. ஆனாலும் மூன்று பேரில் அவர் ரீடிங்தான் சிதறாமல் இருந்தது. மொத்த முடிவு 10 சதவீதத்துக்குள் வந்தது, கேஜ் நல்ல கேஜ்.

பிறகு பதினைந்து நாள் டேட்டா எடுத்தேன். மூன்று ஷிஃப்டிலும் ஷாப் ஃப்ளோர் ரீடிங்கைக் குறித்துக்கொண்டு, அதே பாகங்களை மறுநாள் கியூசி ரூமில் திரும்ப அளந்தேன். எக்செல்லில் ஒரு காலம் (நெடுவரிசை) ஷிஃப்ட், பக்கத்துக் காலம் ஆபரேட்டர். முதல் இரண்டு ஷிஃப்டிலும் ஷாப் சராசரி 62.015, கியூசி ரூம் சராசரி 62.009. ஆறு மைக்ரான் வித்தியாசம், அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மூன்றாம் ஷிஃப்டில் ஷாப் சராசரி அதே 62.015. கியூசி ரூமில் 61.990.

கணக்கு போட்ட இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்ற கிறுகிறுப்பு. கேஜ் சரி, மெஷின் சரி, பகலில் சரி, இரவில் மட்டும் கோளாறு. இரவில் மெஷினில் இருப்பது எப்போதும் ஒரே ஆள். அவருக்கு நன்றாக அளக்கத் தெரியும் என்பதும் ஆர் அண்ட் ஆரில் தெரிந்துவிட்டது. அப்படியென்றால் அவர் அளக்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் 62.015 என்று எழுதுகிறார்.

எனக்காகத் தூக்கம் கெட்டு அளந்து கொடுத்ததையே அவருக்கு எதிரான சாட்சியாக வைத்தேன். பிப்ரவரி கடைசியில் நடந்த ரிவியூவில் என் எட்டாவது ஸ்லைடின் தலைப்பு: ‘மூன்றாம் ஷிஃப்ட் அளவீடுகள் நம்பத்தக்கவை அல்ல.’ பெயர் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை, மூன்றாம் ஷிஃப்டில் அந்த மெஷினுக்கு வேறு ஆள் யார் இருந்தார்?

மேனேஜர் தலையாட்டினார். கியூசி மேடம் மட்டும், “நீ நைட்ல வந்து பாத்தியா தம்பி?” என்று கேட்டார். வந்தேன் மேடம், ஒரு நாள் வந்தேன் என்றேன். அது உண்மைதான்.

அந்த ஒரு நாள்

ஜனவரி கடைசி வாரம். பெங்களூரு இரவுக் குளிர் கிருஷ்ணகிரிக்காரனுக்கே சற்று உறைக்கும். ஷட்டர் பாதி ஏறியிருக்கும், தும்கூர் ரோட்டுக் காற்று அப்படியே உள்ளே வரும். மணி ஒன்றரை இருக்கும். ஸ்வெட்டர் கொண்டுபோகாமல் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றேன். அண்ணன் வாஷிங் மெஷினின் கதவைத் திறந்தார். குப்பென்று ஆவி. உள்ளே கூடையில் எட்டு எண்டு ஷீல்டு. ஒன்றை எடுத்துத் துணியில் ஒற்றி என்னிடம் நீட்டினார்.

“இந்தா தம்பி, கையில வச்சுக்க. குளிருக்கு எதமா இருக்கும்.”

வாங்கி வைத்துக்கொண்டேன். சுகமாக இருந்தது. தாயம் விளையாடும்போது சோழியைப் பொத்திக்கொள்வது போல இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, பேசிக்கொண்டே நின்றேன். ஓசூரில் இருக்கும் மச்சானைப் பற்றி, மகளின் பத்தாம் வகுப்பைப் பற்றி. நடுவில் ஒன்றை எடுத்து போர் கேஜை விட்டு ஆட்டி, ரீடிங் பார்த்து ஷீட்டில் எழுதினார். நான் பார்க்கத்தான் பார்த்தேன். அவர் அளந்தார். என் கண்முன்னால் அளந்தார்.

இது நடந்து ஒரு மாதம் கழித்துத்தான் அவர் அளப்பதில்லை என்று ஸ்லைடு போட்டேன். ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நான் போன அன்று மட்டும் அளந்திருப்பார், மற்ற நாளில் எழுதியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினைந்து நாள் டேட்டா முன்னால் ஒரு நாள் பார்த்ததை வைத்து என்ன பேசுவது? எக்செல் அவ்வளவு அழகாக இருந்தது.

மார்ச்

அவருக்கு மெமோ எதுவும் கொடுக்கவில்லை. அவர் காண்ட்ராக்ட் ஆள், மெமோ எல்லாம் கம்பெனி ரோலில் உள்ளவர்களுக்குத்தான். நோட்டீஸ் போர்டில் ஷிஃப்ட் லிஸ்ட் மாறியது, அவ்வளவுதான். அவர் பெயர் முதல் ஷிஃப்டில், பர்ர் (வெட்டிய ஓரத்துப் பிசிறு) எடுக்கும் மேசைக்கு நேராக. ஆபரேட்டர் கூலி போய் ஹெல்பர் கூலி. நைட் பேட்டாவும் இல்லை. என்னை வழியில் பார்த்தால் முன்பு போலவே “சாப்டியா தம்பி” என்பார். ஸ்லைடு விஷயம் அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது, கேட்கும் தைரியமும் இல்லை. மூன்றாவது வாரம் அவர் வருவது நின்றுவிட்டது.

மூன்றாம் ஷிஃப்டுக்கு ராய்ச்சூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். சுறுசுறுப்பானவன். முதல் வாரம் ரிஜெக்ஷன் குறையவில்லை. புது ஆள், பழகட்டும் என்றார்கள். இரண்டாவது வாரமும் குறையவில்லை. என் கிராஃபில் ஆள் மாறிய நாளில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருந்தேன். கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புள்ளிகள் ஒரே மட்டத்தில் கிடந்தன. கியூசி ரூம் சராசரி அதே 61.99.

இவனும் அளக்காமல் எழுதுகிறானா? அதைச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

அப்போதுதான் முதல் தடவையாக ஷிஃப்ட் மாறும் நேரத்தில் போய் நின்றேன். ராத்திரி பத்து மணி. ராய்ச்சூர்ப் பையன் வந்ததும் முதல் கூடையைக் கழுவி அளந்து பார்த்துவிட்டு, கண்ட்ரோல் பேனலில் வேர் ஆஃப்செட்டை (டூல் தேய்வதற்கு ஏற்ப வெட்டும் அளவைத் திருத்தும் எண்) 20 மைக்ரான் இறக்கினான். ஏன் என்றேன். துளை பெரிதாக வருகிறது, தினமும் இப்படித்தான், செகண்ட் ஷிஃப்ட்காரர் ஏற்றி வைத்துவிட்டுப் போகிறார் என்றான். காலை ஆறு மணிக்கும் போனேன். முதல் ஷிஃப்ட் செட்டர் அண்ணன் வந்து, ஒரு டீ குடித்துவிட்டு, பாகம் அளந்து, ஆஃப்செட்டை 20 மைக்ரான் ஏற்றினார்.

“டெய்லி இதாண்ணே பண்றீங்க?”

“ஆமா. நைட்டுக்காரன் சின்னதா ஓட்டி வச்சிருப்பான். ஏத்திட்டுத்தான் ஆரம்பிக்கணும்.”

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இதுல என்ன தம்பி சொல்றதுக்கு இருக்கு? ஆஃப்செட் ஏத்துறதுதான நம்ம வேல.”

மூன்று மாதமாக அந்த மெஷின் தினமும் 20 மைக்ரான் ஏறி இறங்கியிருக்கிறது. இரண்டு பக்கமும் நல்ல ஆபரேட்டர்கள். ஒருவர் செய்ததை மற்றவர் நியாயமாகத் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஒரே கேஜ், ஒரே ரிங். இரண்டு பேரும் உண்மையாகவே அளக்கிறார்கள் என்றால், அளக்கப்படும் பாகம்தான் வேறாக இருக்க வேண்டும்.

தாசரஹள்ளிக்கு நடந்து வரும் வழியில், எட்டாவது மைல் பஸ் ஸ்டாப் பக்கம், உள்ளங்கையில் அந்த ஜனவரிச் சூடு ஞாபகம் வந்தது.

காரணம்

நவம்பரில் வாடிக்கையாளர் இன்னொரு புகார் சொல்லியிருந்தார், பேரிங் சீட்டில் சிப்ஸ் (வெட்டிய உலோகத் துணுக்கு) ஒட்டி வருகிறது என்று. அதற்காக வாங்கியதுதான் சுடுநீர் வாஷிங் மெஷின். எண்ணெய் போக வேண்டும் என்று தண்ணீர் 60 டிகிரியில் வைத்திருந்தார்கள். சிப்ஸ் புகார் அடியோடு நின்றது, அதனால் வாஷிங் மெஷின் மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஆள், மெஷின், பொருள், முறை மாறினால் எழுதும் ஃபோர் எம் மாற்றப் பதிவேட்டில்கூட அது ஏறவில்லை. மெஷினிங் முடிந்தபின் கழுவுவது புராசஸ் மாற்றமா என்ன என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பதிவேட்டில் நவம்பர் பக்கத்தை நானும் புரட்டியிருந்தேன். காலியாக இருந்தது.

முதல் இரண்டு ஷிஃப்டில் கழுவ ஒரு ஹெல்பர் உண்டு. கழுவிய பாகங்கள் டிராலியில் ஃபேன் அடியில் நிற்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் அளப்பார்கள், அதற்குள் ஆறிவிடும். மூன்றாம் ஷிஃப்டில் ஹெல்பர் கிடையாது. ஆபரேட்டரே ஓட்டி, கழுவி, கழுவிய கையோடு அளந்து, துளைக்குள் போகிறதா என்று பார்க்கும் பிளக் கேஜும் போட்டு, பாலிதீன் கவரில் கட்டி வைப்பார். காலை வண்டிக்கு அது போய்விடும். பிளக் கேஜும் சூட்டோடு போட்டால் தாராளமாக உள்ளே போகும்.

கணக்கு ஒரு வரிதான். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் விரியும். டிராயிங்கில் உள்ள அளவெல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்கு. 1931-லிருந்து உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட வெப்பநிலை அது, டிராயிங்கில் தனியாக எழுதக்கூட மாட்டார்கள். பாகம் 40 டிகிரியில் இருந்தால் 62 மில்லிமீட்டர் துளை 28 மைக்ரானுக்கு மேல் பெரிதாக நிற்கும். டாலரன்ஸ், அதாவது டிராயிங் அனுமதிக்கும் இடம், மொத்தமே 30. ரிங் கேஜ் எஃகு, அதன் விரிவு அலுமினியத்தில் ஏறக்குறைய பாதி. அதுவும் இரவுக் குளிரில் இருந்ததால் ஈடுகட்ட ஒன்றும் மிச்சமில்லை. பகலில் எனக்கு வந்த ஆறு மைக்ரானும் இதுதான். பாகமும் ரிங்கும் 28 டிகிரியில் இருந்தாலும் ஒன்று அலுமினியம், ஒன்று எஃகு.

சரி, அந்த இன்ஃப்ராரெட் துப்பாக்கி ஏன் 26 என்றது? இதை எந்த ஜூனியரும் குறித்துக்கொள்ளலாம். அந்தத் துப்பாக்கி வெப்பநிலையை நேரடியாக அளப்பதில்லை. பரப்பிலிருந்து வரும் வெப்பக் கதிரை அளந்து கணக்குப் போடுகிறது. பெயிண்ட், ரப்பர், தோல் மாதிரி கதிரை நன்றாக உமிழும் பரப்புக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும். மெஷினிங் முடிந்த அலுமினியம் பளபளப்பானது, அது தன் கதிரை மிகக் குறைவாகவே உமிழும். துப்பாக்கிக்குத் தெரிவது பெரும்பாலும் சுற்றுப்புறத்தின் பிரதிபலிப்பு. அதாவது ஷாப்பின் சூட்டை நான் பாகத்தில் பார்த்து எழுதியிருக்கிறேன், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து எதிர்வீட்டுக்காரன் என்று நினைத்த மாதிரி. துளை மேல் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அடித்திருந்தால் பிப்ரவரியிலேயே விஷயம் முடிந்திருக்கும். கையால் தொட்டிருந்தாலும் போதும். தொட்டேன், அதுதான் கொடுமை.

சோதனை

மார்ச் கடைசியில் ஒரு இரவு, தொட்டு அளக்கும் தெர்மோகப்பிள் ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டு போனேன். வாஷிங் மெஷினிலிருந்து வந்த ஒரே ஒரு பாகத்தை மேசையில் வைத்து, ராய்ச்சூர்ப் பையனையே அளக்கச் சொன்னேன். வெளியே வந்ததும் 46 டிகிரி, ரீடிங் 62.024. பத்து நிமிஷத்தில் 38 டிகிரி, 62.013. இருபத்தைந்து நிமிஷத்தில் 31 டிகிரி, 62.003. ஒரு மணி நேரம் கழித்து 25 டிகிரி, 61.994.

பையன் கேஜை இரண்டு தடவை உதறிப் பார்த்தான். ரிங்கில் போட்டு ஜீரோ பார்த்தான். ஜீரோ சரியாக இருந்தது. ஒரே பாகம், மேசையை விட்டு நகரவில்லை, நல்ல பாகமாக வந்து ரிஜெக்ட்டாகப் படுத்துவிட்டது. “சார், இது சுருங்குது” என்று கன்னடத்தில் சொன்னான். என்னை அங்கே சார் என்று கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான்.

மறுநாள் மேனேஜர் முன்னால் இதையே திரும்பச் செய்தோம். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு மணி நேரமும் நின்று பார்த்தார். அவரும் டூல் ரூமிலிருந்து வந்தவர்தான்.

தீர்வு எளிது, அதை நீட்ட வேண்டியதில்லை. இரண்டு ஃபேன் வைத்த ஒரு ரேக், ஒவ்வொரு கூடையிலும் நேரம் எழுதிய டேக், முக்கால் மணி நேரத்துக்கு முன் அளக்கக்கூடாது என்ற விதி. அதைவிட நல்லதாக எனக்குத் தோன்றியது கியூசி மேடம் செய்தது. அதே அலுமினியத்தில் ஒரு எண்டு ஷீல்டை எடுத்து, கியூசி ரூமில் 20 டிகிரியில் துல்லியமாக அளந்து, அளவைப் பொறித்து, அதையே மாஸ்டராக ரேக்கில் மற்ற பாகங்களோடு வைத்தார். எஃகு ரிங்குக்குப் பதில் அதில் ஜீரோ வைத்தால், இரண்டும் ஒரே உலோகம், ஒரே சூடு. விரிவு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மூன்று ஷிஃப்டிலும் ஆஃப்செட் ஏற்றி இறக்கும் பழக்கம் ஒரே வாரத்தில் நின்றது. நான் கிளம்பும்வரை துளை சிறுத்தது என்று ஒரு பாகமும் திரும்பி வரவில்லை.

என் அறிக்கையைக் கல்லூரியில் பாராட்டினார்கள். வைவாவுக்கு வந்தவர், புராசஸின் திறனைச் சொல்லும் சிபிகே சூத்திரத்தைக் கேட்டார், எந்த சாஃப்ட்வேர் என்று கேட்டார். அறுபது பக்கமும் ஸ்பைரல் பைண்டிங்கும் சரியாக இருந்தன. கல்லூரி கொடுத்த மதிப்பீட்டுப் படிவத்தில் ‘நேரம் தவறாமை’க்குப் பத்துக்குப் பத்து.

அறிக்கையிலிருந்து ஆபரேட்டர் என்ற எக்செல் காலத்தை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் இரண்டு காலம்: கழுவியதிலிருந்து அளந்தது வரை எத்தனை நிமிஷம், அளக்கும்போது பாகம் எத்தனை டிகிரி. பிப்ரவரியிலேயே இந்த இரண்டு காலமும் இருந்திருந்தால் ஷிஃப்டுக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கும். மூன்றாம் ஷிஃப்டில் எப்போதும் ஒரே ஆள் என்பதால் என் டேட்டாவில் ஷிஃப்டும் ஆளும் ஒட்டிப்பிறந்த இரட்டையாக இருந்தார்கள். எது எதனுடைய வேலை என்று அந்த எக்செல்லால் சொல்லவே முடியாது. இதைப் புள்ளியியல் பேப்பரில் படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தேன். அதில் எனக்கு ஏ கிரேடு. எட்டாவது ஸ்லைடு மட்டும் அந்தக் கம்பெனி கம்ப்யூட்டரில் ஏதோ ஃபோல்டரில் இன்னும் கிடக்கும்.

பென்னாகரத்துக்காரர்

மேனேஜரிடம் நேராகவே சொன்னேன், சார், அவர் ரீடிங் எல்லாம் உண்மை, தப்பு என்னுடையது என்று. அவர் காண்ட்ராக்டருக்கு போன் போட்டு, ஆளைத் திரும்ப அனுப்பு என்றார். ஆள் ஓசூரில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டதாகப் பதில் வந்தது. மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். அவர் அளவில் விஷயம் அத்தோடு முடிந்தது.

நம்பர் மெஸ்காரரிடம் கிடைத்தது. மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூப்பிட்டேன்.

“அண்ணே, பீன்யாவிலருந்து பேசறேன். அந்த பயிற்சிக்கு வந்த பையன்.”

“தெரியுது சொல்லு தம்பி. எப்ப ஊருக்குப் போற?”

வாஷிங் மெஷின், சூடு, 20 டிகிரி எல்லாம் சொன்னேன். எட்டாவது ஸ்லைடையும் சொன்னேன். நடுவில் அவர் ஒன்றும் பேசவில்லை. பின்னால் டிவி சத்தம் கேட்டது.

“அப்ப நான் பாத்த ரீடிங் கரெக்ட்டுதான?”

“கரெக்ட்டுண்ணே. நீங்க பாத்தப்ப பாகம் அந்த அளவுலதான் இருந்துச்சு.”

“மேனேஜர்ட்ட சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“ம்.” கொஞ்ச நேரம் கழித்து, “இங்க வாஷிங் மெஷின் இல்ல. மண்ணெண்ணெயிலதான் அலசுறோம். கையெல்லாம் வெடிக்குது,” என்றார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை.

“அதெல்லாம் விடு. பிப்ரவரில எனக்கு நாலு நாள் நைட் பேட்டா நிக்குது. காண்ட்ராக்டர் ஆபீஸ்ல கேட்டா நாளைக்கு நாளைக்குங்கறான். நீ அங்கதான இருக்க, வாங்கிக் குடு.”

காண்ட்ராக்டர் ஆபீஸ் பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் ஒரு மாடி அறை. முதல் தடவை கிளார்க் இல்லை. இரண்டாவது தடவை ரெஜிஸ்டர் இல்லை. மூன்றாவது தடவை ரெஜிஸ்டர் இருந்தது. கிளார்க் என் விசிட்டர் பேட்ஜைப் பார்த்து, நீ யார் அவருக்கு என்று கேட்டார். ஊர்க்காரன் என்றேன். 600 ரூபாயை எண்ணிக் கொடுத்து, வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கீழே இறங்கி டீக்கடை வாசலில் நின்று ஜிபேயில் அனுப்பினேன். மெட்ரோ ஏறும்போது பதில் வந்தது, வந்துருச்சு என்று.